சேர்ட்டன்

"பிறை கண்டன்" என்றான் ஹாசிம்.

நோன்பு இருபத்தொன்பது. கற்பிட்டிக் கடற்கரை. பொழுது படும்போது அங்கே நின்றது கருவாடு விற்கிற ஹாசிமும் நானும் மட்டும். பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்கள் மௌலவியோடு வந்து சேர, முகில் மூடிவிட்டது.

"சேர்ட்டனா?" என்று கேட்டேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த வாய்.

"என்ன மாஸ்டர்?"

"சேர்ட்டன். நிச்சயம். சும்மா சொல்லக்கூடாத சொல். லத்தீனில அதுக்கு வேர் அரிக்கிறது. அரிதட்டில மா அரிக்கிற மாதிரி. கப்பியைக் கழிச்ச பிறகு மிஞ்சுறதுதான் சேர்ட்டன். நீ அரிச்சியா?"

"அரிக்கத் தெரியாது மாஸ்டர். கண்டன். கடலுக்கு மேல, நகத்துண்டு மாதிரி."

"அது மன்னார்ப் பிறையா இருக்கும்" என்றான் நிர்வாகத்து ஃபைஸல். "அகதிக்கு மட்டும்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவன் ஹாசிம். யுத்தம் முடிந்தும் அவன் இன்னும் அகதிதான்.

மௌலவி சிரிக்கவில்லை. "மாஸ்டர், நீங்களும் பக்கத்திலதானே நின்டீங்க?"

"நின்டேன். அவன் காட்டின இடத்தைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை."

ஹாசிம் என்னைப் பார்த்தான். "மாஸ்டர், உங்கட..." என்று தொடங்கினான். நிறுத்தினான்.

"என்னடா? சொல்லு."

"ஒண்டுமில்ல மாஸ்டர். நான் கண்டதச் சொன்னன்."

"இவன் சாட்சி எடுபடாது" என்றேன். மௌலவி பிறைச் செய்தி சொல்லக் கொழும்புக்கு எடுக்க வைத்திருந்த போனைச் சட்டைப் பையில் போட்டார்.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ரேடியோ சொன்னது: வேறு ஊர்களில் பிறை கண்டிருக்கிறார்கள். நாளைக்குப் பெருநாள்.

பள்ளியில் ஒரே சந்தோஷம். ஹாசிமிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபைஸல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வாசலில் செருப்பைக் காலால் தடவினேன். அகப்படவில்லை. யாரோ குனிந்து அதை என் காலுக்கு நேரே வைத்தார்கள். கருவாட்டு வாடை.

"மெதுவா மாஸ்டர். இதில படி இருக்கு." வழமைபோல என் கையைப் பிடித்தான்.

"ஏன்டா சொல்லல்ல?"

"என்னத்த?"

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊரில் அதைச் சேர்ட்டனாகத் தெரிந்த ஒரே ஆள், மாதாமாதம் என்னைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற ஹாசிம்தான்.