சம்பவ இடத்திலிருந்து ஓணாண்டி

"அந்தப் பொம்மைய வெளிய எடுங்க சார், பாப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பொம்மலாட்டக்காரர் பையைத் திறந்து ஓணாண்டியை எடுத்தார். கையைப் பொம்மைக்குள் விட்டார்.

ஸ்டேஷனின் உள் அறையில் அவருடைய மகன் ரூபன் இருந்தான். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. காலையில் பால் பாக்கெட் வாங்கப் போனவனை, செல்போன் பறிப்பு வழக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பறித்தவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தானாம். இவனும் சிவப்புச் சட்டை. ஊரில் வேறு எவனிடமும் சிவப்புச் சட்டை கிடையாது பாருங்கள்.

தகவல் வந்தபோது அவர் படப்பிடிப்பில் இருந்தார். பொம்மையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பையோடு ஓடி வந்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

நிருபர் ஓணாண்டியைத் தெரியாதவர் யார்? ஞாயிறு காலை டிவியில், தன்னைவிடப் பெரிய மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் துணி ஓணான். பாலம் இடிந்தால், பாலம் வழுக்கி விழுந்தது என்பான். மந்திரிக்குப் பதவி போனால், மந்திரி வழுக்கி விழுந்தார் என்பான்.

முதன்முதலில் அவன் அதைச் சொன்னது ஒரு விசாரணைக் கைதியைப் பற்றி. கையில் மாவுக்கட்டோடு நின்ற பையனின் படம் பேப்பரில் வந்திருந்தது. கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று போட்டிருந்தார்கள். பச்சைப் பொய். படித்துவிட்டு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் ஓணாண்டியை மைக்கின் முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தார்.

"வழுக்கிட்டாருங்கோ!"

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரமும் கேட்டார்கள். அப்புறம் வயிற்றெரிச்சல் எங்கே போனதோ, அந்த வரி மட்டும் நிலைத்துவிட்டது. கல்யாணப் பந்தியில் எவனாவது தடுக்கினால்கூடச் சொன்னார்கள். போலீஸ்காரர்களும் சொன்னார்கள். இந்த ஸ்டேஷன் ஏட்டு அதை ரிங்டோனாகவே வைத்திருந்தார்.

"எம் பொண்ணு உங்க ஃபேன் சார்" என்று வீடியோ காலைப் போட்டார் இன்ஸ்பெக்டர்.

திரையில் ஒரு சின்ன முகம். முன்பல் விழுந்த வாய்.

"ஓணாண்டி, இன்னிக்கு யாரு வழுக்கி விழுந்தா?"

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்சம் முன்னால்வரை ரூபன் "சார், சார்" என்று கத்திக்கொண்டிருந்தான். இப்போது கத்தவில்லை. அவர் அந்தக் கதவைப் பார்த்தார்.

கீச்சுக் குரலை வரவழைத்தார்.

"யாருமே விழலீங்கோ பாப்பா. தரையெல்லாம் காஞ்சு கெடக்கு. எல்லாரும் நல்லா நிக்கிறாங்கோ."

குழந்தையிடமா சொன்னார்? இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தல்லவா சொன்னார். பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று சொந்தக் குரலில் எவ்வளவோ நேரம் கெஞ்சிப் பார்த்தாயிற்று.

"போ! போங்காட்டம்! யாராவது விழணும்!"

"கொழந்த ஆசையா கேக்குது இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். சிரித்த முகம்தான்.

என்ன செய்வார், பாவம்.

ஓணாண்டியை மேசை விளிம்பில் நடக்கவிட்டார். தள்ளாடவிட்டார். தொபுக்கடீர் என்று ஃபைல்களின் மேல் மல்லாக்க விழவைத்தார்.

"நாந்தான் வழுக்கிட்டேனுங்கோ!"

குழந்தை கைதட்டியது. ஏட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனே சிரித்தது. அந்தச் சத்தத்தில் உள் அறையிலிருந்து எதுவும் கேட்கவில்லை.

அவரும் சிரித்தார். இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் பிள்ளையை விட்டுவிடுவான் என்று நம்பினார்.

விட்டுவிட்டார்கள்.

கதவு திறந்து ரூபன் வந்தான். வலது கை, முழங்கைக்குக் கீழே, கை வளையாத பக்கம் வளைந்திருந்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்காகத்தான் சார் கேஸ் போடல." இன்ஸ்பெக்டர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கேட்டா என்ன சொல்லணும்னு, ஒங்களுக்குப் போயி நான் சொல்லித் தரணுமா?"

கூடவே ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பினார்.

அரசு ஆஸ்பத்திரி. கான்ஸ்டபிள் கதவோரம் நின்றுகொண்டான்.

"எப்படிப்பா ஆச்சு?"

டாக்டர் ரூபனைத்தான் கேட்டார். ரூபன் நிமிர்ந்தான். உள்ளதைச் சொல்லிவிடப் போகிறான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கான்ஸ்டபிளுக்கும் தெரிந்துவிட்டது. அவன் ஓர் எட்டு உள்ளே வைத்தான்.

அவர் முந்திக்கொண்டார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டான் சார்."

சொந்தக் குரலில்தான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க சார். டிவில ஓணாண்டி வருமே, அது சொல்றாப்பலயே இருந்துச்சு."

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அப்படியே எழுதிக்கொண்டார். கான்ஸ்டபிள் மறுபடி கதவோரம் போய் நின்றான்.

ரூபன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்பா அவன் தோளைத் தொட்டார்.

"கைய எடுப்பா" என்றான்.