தோளில் ஒரு கை

அம்மா இறந்தபோது அவள் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவளை மட்டும் பிரித்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். அவளுடைய இடது தோளில் ஒரு கை மட்டும் தங்கிவிட்டது. மணிக்கட்டோடு முடிந்துபோன ஆண் கை.

"அதை எடுத்தா தோளும் சேந்து போயிடும் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

அப்பா அப்படியே வாங்கி வந்து மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்து, அம்மாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஆறு வயதுக் குமுதவல்லி ஒருநாள் நாற்காலியில் ஏறி அந்தக் கைக்கும் ஒரு பொட்டு வைத்தாள். அப்பா வேட்டி நுனியால் அதை அழுத்தித் துடைத்தார்.

"இது யாருப்பா?"

"போய்ச் சாப்பிடு."

நாற்பது வருடம் கழித்து, குமுதவல்லியின் ஓவியக் கண்காட்சிக்கு அப்பா வந்தார். மீன் விற்கிறவள், நர்ஸ், பஸ்ஸில் தூங்குகிறவள் என்று சுவரெல்லாம் பெண்கள். எல்லோருடைய இடது தோளிலும் மணிக்கட்டோடு முடியும் அதே கை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நின்று நகர்ந்தார். கடைசிப் படத்துக்கு வந்தபோது வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

"இந்தக் கை இல்லாம ஒண்ணுகூட வரைய வராதாம்மா உனக்கு?"

"வரைஞ்சு பாத்தேன்ப்பா" என்றாள் குமுதவல்லி. "தோளும் சேந்து போயிடுது."