மீன்கொத்தியின் வால்

தில்லைநாயகி டேப்லெட்டில் வரைந்த முதல் மீன்கொத்தி, யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ பத்தடி பேனராகி பிளக்ஸ் கடையில் தொங்கியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெட்ல கிடந்துச்சு, எடுத்தேங்க்கா" என்றான் கடைக்காரன் பொன்ராசு.

"கிடந்தா எடுத்துருவியா? என் உழைப்புடா அது. கேஸ் போடுவேன்."

"உங்க படம்னு என்னக்கா அடையாளம்?"

பேனரைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாளாகக் காப்புரிமைச் சட்டம் படித்த வேகத்தில் அவள் வாலோரம் விரலை ஊன்றினாள். "இங்க நீலம் கலங்கியிருக்கு பாரு. இந்தக் கலங்கல் உலகத்துலயே என் படத்துல மட்டும்தான் இருக்கு."

பொன்ராசு குனிந்து பார்த்தான். "ஆமாக்கா. போன்ல தெரியல, பெருசாக்கினதும் தெரியுது. உள்ள 'போட்டோ'ன்னு போட்டு யாரோ பேரு இருக்கே. உங்க வீட்டுக்காரரா?"

தில்லைநாயகி உள்ளங்கையால் மூடினாள். அவள் அழித்தபோது எறும்பு அளவுதான் இருந்த பெயர், இப்போது கைக்கு அடங்கவில்லை.