ஒரு புள்ளியாவது

அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டதும் ஸ்கேன் எடுப்பவள் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

வந்து நின்றவள் அவள் புருஷனின் மூத்த தாரம். விவாகரத்தாகிப் பல வருடம் ஆயிற்று.

ஒரு மாதமாகப் புருஷன் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்புவது இந்த மூத்தவள் வீட்டுக்குத்தான். அந்தத் தெருத் தையற்காரி கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்தாள். இவள் அவனிடம் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இப்போது அந்த மூத்தவள் இவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டாள். மறதி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு, நல்ல திடமாக இருப்பவர்களும் தேவையாம், ஒப்பிட்டுப் பார்க்க; அப்படிப் பேர் கொடுத்து வந்திருக்கிறாள்.

என்ன நெஞ்சழுத்தம்!

நகைகளைக் கழற்றச் சொல்லிப் படுக்க வைத்தாள். அறுபது தாண்டியும் முதுகு வளையாத உடம்பு. தலை அசையாமலிருக்க வைக்கும் காதோரத் திண்டுகளைத் தேவைக்குக் கொஞ்சம் கூடவே இறுக்கினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்தாள். மூளைக்குள் சேதி கொண்டுபோகும் வெள்ளை இழைகள் நைய ஆரம்பித்தால், நோய் வெளியே தெரிவதற்கு வெகு முன்பே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். தினமும் யார் யார் தலையிலோ பார்ப்பதுதான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு புள்ளியாவது. கடுகளவாவது.

ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இதிலும் ஜெயிப்பது மூத்தவளேதானா என்று வயிறெரிந்தது.

போய் எழுப்பி உட்கார வைத்தாள். மூத்தவள் இறங்காமல் எந்திரத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம்தான் பெருசு. வலிக்கல. அவரைக் கூட்டிட்டு வரலாம், பயப்பட மாட்டார். அதைப் பார்க்கத்தான் நான் முதல்ல வந்தேன்."

இவள் நகைத் தட்டை நீட்டியபடி நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பொழுது சாஞ்சா நேரா உள்ள வந்து உக்காந்து, காப்பி போட்டியான்னு கேக்குறார். இது உங்க வீடு இல்லைன்னு சொன்னா முழிக்கிறார். நான்தான் உன் தெருமுனை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போறேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எத்தனையோ கேட்டிருக்கலாம். இவள் வாயில் வந்தது வேறு.

"அங்க இருக்கும்போது… என்னைப் பத்தி ஏதாவது சொல்வாரா?"

மூத்தவள் செருப்பு வாரை மாட்டக் குனிந்தாள். மாட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.