கறுப்பும் வெள்ளை வயிறும்

கடல் உள்வாங்கிய, சிலி நாட்டுச் சிலோயே தீவின் பாறையில் மட்டி பெயர்க்கும் எர்மெலிந்தாவின் கை அப்படியே நிற்கிறது. தன் முட்டையருகே ஏறிவந்த வெள்ளை வயிற்றுப் பறவையை, முழுக் கறுப்புப் பறவை ஒன்று குத்திக் கிழிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சிவப்பு அலகு, ஒரே அலறல். வெள்ளை வயிற்றில் ரத்தம் கோடாக வழிகிறது. விரட்ட, மட்டி பெயர்க்கும் கொக்கியை ஓங்கியவளைப் பக்கத்து வீட்டு ஒத்தீலியா பிடித்து இழுக்கிறாள்.

"புருஷன் பொண்டாட்டி சண்டைடி, நமக்கெதுக்கு? கறுப்பு ஆம்பள, மத்தது பொம்பள. ஊருக்கே தெரியும்."

அடிபட்டது தத்தித் தத்தி மணலில் போய் விழுகிறது. கறுப்பு, பாறை விளிம்பைத் தாண்டித் துரத்தாமல் நின்று, அலகைத் துடைத்துக்கொண்டு முட்டைக்குத் திரும்புகிறது.

எர்மெலிந்தா வீங்கிய உதட்டைத் தொட்டுக்கொள்கிறாள். "அது வேற பறவை, இது வேற பறவைடி. புருஷனா இருந்தா இதோட விட்டிருப்பானா?"