ஞாயிற்றுக்கிழமை ஒடியும் ஆணி

"என்னண்ணே, இன்னிக்கும் எஞ்சினுக்கு லீவா?"

கேட்டது என் சம்சாரம் பொன்னுமணி. வாயை அடக்கத் தெரியாத மனுஷி. படகில் இருந்த பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை. படகுக்காரர் ராமர் எஞ்சினை நிறுத்தித் தண்ணீருக்கு மேலே தூக்கி, விசிறிக்குள் கையை விட்டு எதையோ உருவினார்.

"சனியன், ஆணி ஒடிஞ்சுபோச்சு!" என்று கரைப் புதருக்குள் வீசினார். "வேற ஆணி வீட்டுல கெடக்கு. எல்லாரும் மாமா படகுல ஏறிக்கங்க."

சுண்டுவிரல் நீள ஆணி. அணைக்குள் முங்கிக் கிடக்கும் மரக்கட்டையில் விசிறி முட்டினால், விசிறி உடையாமல் ஆணி மட்டும் ஒடியும். ஆணி இல்லாவிட்டால் எஞ்சின் கத்தும், விசிறி சுற்றாது.

பக்கத்திலேயே துடுப்புப் படகோடு காத்திருந்தார் சோலைமலை.

"வாங்க தாயி, ஏறுங்க. நம்ம எஞ்சின் கஞ்சி குடிச்சா ஓடும்!" என்றவர், ராமர் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ளே, தூத்துக்குடிக்காரன் உனக்கு எஞ்சினை வித்தானா, ஆட்டுக்கல்லை வித்தானா?"

மறுபடியும் சிரிப்பு.

இது நடந்தது எழுபத்தெட்டில். போடிமெட்டுக்கு மேலே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் அணை. இந்தக் கரையில் எங்கள் லயங்கள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். அந்தக் கரையில் கடைத்தெருவும் கோயிலும். ரொம்பக் காலமாக சோலைமலையின் துடுப்புப் படகு ஒன்றுதான்.

ராமர் தூத்துக்குடிக்குப் போய், மீன்பிடிக்கிறவர்களிடம் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் போட்டுப் போடிக்குக் கொண்டுவந்தார். ஒரு லாரிப் பட்டறையில் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி, உப்பெல்லாம் போகிறவரை ஓடவிட்டார். பிறகு ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார்.

அதன்பின் சோலைமலை படகை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குப் போக லயமே கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், ராமர் எஞ்சின் புண்ணியத்தில், அவர் படகு நிறைந்து, கையில் நாலு காசும் சேர்ந்தது.

அதற்கு நன்றியாவது உண்டா? வாய் நிறைய கேலி.

ராமர் மனைவி பாண்டியம்மாளுக்குத்தான் ஆத்திரம்.

"ஒரு ஞாயித்துக்கிழமையாவது ஓடுதா இந்த ஓட்டை எஞ்சின்? வித்துத் தொலைங்க! அந்தாளு பேச்சைக் கேட்டு எனக்கு மானம் போகுது. பொங்கலுக்கு அரிசி குடுத்துவிட்டேன். 'ஏன், என் கை ஒடிஞ்சா போச்சு?'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அவ்வளவு ராங்கி!"

"மாமா அப்படித்தான். விடு புள்ள" என்பார் ராமர்.

தை மாதம் ராமர் தங்கை மொக்கம்மாளுக்குக் கல்யாணம். அக்கரைக் கோயிலில், வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு ராசிங்காபுரம்.

"அந்த எஞ்சினை நம்பியா முகூர்த்தம் வச்சிருக்கீக?" என்று அவர்களும் கேட்டுவிட்டார்கள்.

"எந் தங்கச்சி எஞ்சின் படகுலதான் வந்து எறங்கும்" என்றார் ராமர்.

படகுக்கு வாழைக்கன்று கட்டி, பெண்ணை நடுவில் உட்காரவைத்துக் கிளம்பினோம். பின்னாலேயே அண்டாவும் விறகும் ஏற்றிக்கொண்டு சோலைமலை துடுப்புப் போட்டு வந்தார்.

நடு அணையில் 'டக்'கென்று ஒரு சத்தம்.

எஞ்சின் கத்தியது. படகு நின்றது.

பழக்கதோஷத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம். ராமர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஆணி டப்பாவைத் திறந்தார். காலி.

"அண்ணே..." மொக்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கரையில் மேளச் சத்தமும் நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கரையோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நான் அன்னைக்கே வித்துருங்கன்னு சொன்னேன்ல!" பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் சோலைமலை படகு பக்கத்தில் வந்துவிட்டது.

"கயித்தைப் போடுங்கண்ணே! வெரசா கட்டி இழுங்க!" என்றாள் பொன்னுமணி.

"கல்யாணப் பொண்ணைக் கட்டி இழுத்துக்கிட்டா போறது? சந்தைக்கா கொண்டுபோறோம்?" என்றார் சோலைமலை.

"மாமா... இன்னிக்கி நெசமாவே ஒடிஞ்சிருச்சு" என்றார் ராமர்.

"தெரியுது மாப்ளே."

சோலைமலை இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையை எடுத்தார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில் கைவிட்டு அள்ளினார். கை நிறைய ஆணிகள்.

"இதெல்லாம் ஏது?" பாண்டியம்மாள் வாயைப் பிளந்தாள்.

"ஒம் புருசன் வாராவாரம் புதருக்குள்ள வீசுனதுதான் தாயி. பொறக்கி வச்சேன்."

பாண்டியம்மாள் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட ஒடியலையே!"

புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ராமர் நிமிரவே இல்லை. ஓர் ஆணியை வாங்கிக் குனிந்து மாட்டுவதிலேயே கவனமாக இருந்தார்.

எஞ்சின் கயிற்றைச் சுண்டினார். எஞ்சின் பிடித்தது, படகு சீறிக் கிளம்பியது. பொன்னுமணி குலவை போட, அக்கரையில் மேளம் மறுபடி முழங்கியது.

அந்தச் சத்தத்தையும் மீறி, பின்னாலிருந்து சோலைமலை கத்தினார்:

"மிச்ச ஆணியைப் பத்திரமா வச்சுக்க மாப்ளே! நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எறியிறதுக்கு வேணும்ல?"