மூலைக்கடையின் வயது

"எழுதிக்கோங்க சார். இந்தக் கடைக்கு எண்பது வயசு. எதிர்ல நிக்குது பாருங்க, அது நேத்து மொளச்சது."

வேலூரிலிருந்து வந்த ஓவர்சியர் ரஷீத் அஹமது, ஊருக்குப் புதியவர், எழுதிக்கொண்டார். கடைக்காரர் கோதண்டபாணிக்கு வாயெல்லாம் பல்.

ஆம்பூர் ஸ்டேஷன் ரோட்டு மூலையில் தோல் ஏற்றிய லாரிகள் திரும்ப இடமில்லை. எதிரெதிரே இருந்த இரண்டு பலகைக் கடைகளில் ஒன்றை இடிக்கப்போகிறார்கள். ஓவர்சியர் கட்டடங்களின் வயதை விசாரிக்கிறார் என்று காதில் விழுந்ததுமே, மூத்த கடைக்குத்தான் மரியாதை என்று கோதண்டபாணி முடிவு கட்டிவிட்டார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

"எங்க பாட்டன் ஏலகிரிலேர்ந்து மாட்டு வண்டில மரம் கொணாந்து கட்டினது சார். ரயிலு வர்றதுக்கு முந்தியே இந்தக் கடை இருந்துச்சு."

"பலகை நல்லா கறுத்துப் போயிருக்கே," என்று ஓவர்சியர் தடவிப் பார்த்தார்.

"எத்தினி மழை பார்த்திருக்கும். எதிர்க்கடை அம்மாவுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? வெத்தல கிள்ளத் தெரியும்."

எதிர்க்கடை சம்பூர்ணம் தன் வாசலில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தது. பேச வாயில்லாத ஜன்மம் என்று கோதண்டபாணி அதற்கும் சிரித்தார்.

ஓவர்சியர் நோட்டை மூடினார். "ரொம்ப சந்தோஷம். ரெண்டுல எது பழசோ அதை இடிக்கச் சொல்லி உத்தரவு. லாரி போற அதிர்வுல ஜனங்க தலைமேல விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? திங்கட்கிழமைக்குள்ள சாமானை எடுத்துருங்க."

கோதண்டபாணியின் முகம் பலகையைவிடக் கறுத்தது.

"சார், சார்... இது பழசு இல்ல சார். நான் கட்டி ஆறு வருசம்கூட ஆவல. டேனரிலேர்ந்து கடுக்காத் தண்ணி வாங்கி, துருப்பிடிச்ச ஆணிய ஊறப்போட்டு, போன வாரம் நானே பூசிக் கறுக்க வெச்சேன். அந்தம்மா கடைதான் சார் பழசு. வேணும்னா அவங்களையே கேளுங்க."

ஓவர்சியர் திரும்பினார். சம்பூர்ணம் நிதானமாகத் தெருவைக் கடந்து வந்தாள்.

"பொய் சொல்றாரு சார். எங்க மாமனாரு சின்னப் பையனா இருக்கசொல்ல, இந்தக் கடையிலதான் பொரிகடலை வாங்கித் தின்னாராம்."